துருத்தியின் தோல்: தகடூர் மேட்டுநிலத்தில் நமது பங்கு

2022 மே மாதம் தமிழகச் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்றார்கள். 2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கை வெளியானது. அதில் தாமிரபரணிக் கரையின் சிவகளைக்குக் கி.மு. 3345 என்று இன்னும் முந்தைய காலம் சொல்லப்பட்டது. மேடைகளில் கைதட்டல், சுவர்களில் போஸ்டர், பத்திரிகைகளில் தலையங்கம். தமிழன்தான் உலகத்துக்கே இரும்பு காட்டினான் என்று பேசாத வாய் இல்லை.

பெருமை வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த மண்ணில் பிறந்தவன் நான். எங்க சேரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கல்வட்டங்கள் இருந்தன. ஆனால் என் கேள்வி வேறு. அந்த இரும்பை உருக்க உலை ஊதியது யார்? அந்தத் துருத்திக்குத் தோல் உரித்துக் கொடுத்தது யார்? செத்தவனுக்காக அத்தனை பெரிய கல்லைப் பெயர்த்து இழுத்து வந்தது யார் கை? 'தமிழன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தக் கேள்விகளை மூடிவைக்கப் பார்க்கிறார்கள். மூடியைத் திறந்து பார்ப்பது நம்ம வேலை.

நிலம்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் ஒரே மேட்டுநிலத்தின் துண்டுகள். 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. அன்று தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டக் கோடுகள் மாறும், பாறை மாறாது. மேற்கே ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் மைசூர் பீடபூமியோடு ஒட்டிக்கிடக்கிறது. அங்கிருந்து கிழக்கே படிப்படியாக இறங்கினால் கிருஷ்ணகிரி, தருமபுரி. தெற்கே சேர்வராயன், கிழக்கே சித்தேரியும் ஜவ்வாதும், மேற்கே மேலகிரி. காவிரி ஒகேனக்கல்லில் விழுந்து இந்நிலத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போய்விடும். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணைதான் நடுவே ஓடுகிறது.

செம்மண்ணு, கரடு, பாறை. மழை பெய்தால் கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை. பெய்யாவிட்டால் பஞ்சம். நஞ்சை என்பது ஏரிக்குக் கீழே மட்டும். அந்த நஞ்சை யார் கையில் இருக்கும் என்பதைத் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்க ஆளுகளுக்குக் கிடைத்தது கல்லுக்காடு.

இப்படிப்பட்ட நிலத்தில் செல்வம் என்றால் மாடு. மாட்டைக் கவர்வது போர், மாட்டை மீட்பது வீரம். காடு விறகு கொடுத்தது, விறகு கரி கொடுத்தது. ஓடைகளில் கரிய இரும்பு மணல் ஒதுங்கியது. உலைக்கு வேண்டியது எல்லாம் இங்கேயே இருந்தது. இங்கே இரும்பு முளைத்ததில் அதிசயம் ஏதுமில்லை. அது நிலத்தின் குணம், அந்த நிலத்தில் பாடுபட்டவர்களின் அறிவு.

1960களில் இந்தியத் தொல்லியல் துறை திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியை அகழ்ந்தது. இரும்புக்கு முந்தைய புதிய கற்கால மக்கள் அங்கே வாழ்ந்திருந்தார்கள். மெருகேற்றிய கற்கோடரி கிடைத்தது. கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இந்தக் கொள்ளைத்தான் எங்க ஆயா ரசம் வைத்துக் கொடுத்தார். ராஜாக்களின் வம்சாவளியைக் கல்வெட்டில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அடுப்பின் வம்சாவளி போதும், அது அவர்களுடையதைவிடப் பழையது.

மயிலாடும்பாறையில் 2003இல் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தார். பிறகு 2021இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தது. வாழ்விடமும் ஈமக்காடும் பாறை ஓவியங்களும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும் இடம் அது.

உலை

இரும்பு எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். நமது பெருமைக்காரர்கள் இதைப் பேசுவதில்லை.

முதலில் ஓடையில் கரிமணலை அரித்து எடுக்கணும். நாள்கணக்கில் குனிந்து செய்யும் வேலை. அப்புறம் மரம் வெட்டி, மூடி எரித்துக் கரி போடணும். களிமண்ணில் உலை கட்டணும். கரியும் மணலும் மாற்றி மாற்றிப் போட்டு விடாமல் காற்று ஊதணும். காற்று நின்றால் உலை குளிர்ந்துவிடும், அவ்வளவு உழைப்பும் பாழ். ஊதுவதற்குத் துருத்தி. துருத்தி என்பது தோல் பை. ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ உரித்து, பதப்படுத்தி, காற்று கசியாமல் தைக்கணும். காலால் மிதித்து ஊதும் துருத்திக்கு மிதிதோல் என்றே பழைய இலக்கியத்தில் பெயர் இருக்கிறது.

அப்படியானால் கணக்கு நேர்தானே? தோல் இல்லாமல் துருத்தி இல்லை. துருத்தி இல்லாமல் உலை இல்லை. உலை இல்லாமல் வாள் இல்லை, வேல் இல்லை, கொழு இல்லை, அதியமானும் இல்லை. செத்த மாட்டின் தோலை உரித்தவனைப் பிற்காலத்தில் தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அவன் கைபட்ட காற்றில் பழுத்த இரும்பை மட்டும் நாகரிகம் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

4000 வருசத்துக்கு முந்தி இங்கே சாதி இருந்தது என்றோ, அன்றைய தோல்காரன் இன்றைய இன்ன சாதி என்றோ நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நம்மை ஒடுக்குகிறவர்களின் வழி. பழம்பெருமைக்கு நேர்கோடு போட்டுத் தன் சாதியோடு முடிப்பது இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு சாதிச் சங்கமும் செய்கிற காரியம். நான் பேசுவது வேலையைப் பற்றி. அந்த வேலைகள் அன்று இருந்தன. இரும்பு அவற்றால் உண்டானது. பிற்காலத்தில் அதே வேலைகளைத்தான் இழிவு என்று முத்திரை குத்தினார்கள். வேலையின் பலனை எடுத்துக்கொண்டு வேலைக்காரனைத் துடைத்தெறிவது எப்படி நடந்தது என்பதுதான் நாம் எழுதவேண்டிய வரலாறு.

இந்த உலைகளை அணைத்தது வெள்ளைக்காரன் காலம். 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. மலையும் காடும் அரசாங்கத்தின் சொத்தாகின. கரி போட உரிமை இல்லை. மறுபக்கம் கப்பலில் மலிவான சீமை இரும்பு வந்து இறங்கியது. சில தலைமுறைகளில் உலைகள் அணைந்தன. இன்றைக்கும் ஏர் ஓட்டும்போது கொல்லைகளில் கருத்த இரும்புக் கழிவுக் கட்டிகள் கிளம்பும். சின்ன வயசில் அதை எடுத்துப் பனம்பழம் அடித்திருக்கிறோம். அது எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம்.

பாட்டு

தகடூர் என்றால் அதியமான், அதியமான் என்றால் ஔவை, ஔவை என்றால் நெல்லிக்கனி. பள்ளிக்கூடத்தில் இதற்குமேல் சொல்லித் தருவதில்லை.

புறநானூற்றில் ஔவை பாடிய 95ஆம் பாட்டு தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பற்றியது. அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசி, மயில்தோகை கட்டி, அழகாக அடுக்கியிருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. புலவர்கள் இதை நயமான கேலி என்று பாராட்டுவார்கள். எனக்குத் தெரிவது அந்தக் கொட்டில். தகடூர்த் தலைவனின் வீரம் முழுவதும் ஒரு சின்னக் குடிசையில், பெயர் சொல்லப்படாத ஒருவன் கையில், செப்பனிடக் காத்துக் கிடக்கிறது. ஔவை அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவன் குடிசையைக் காட்டிவிட்டார்.

அதே தொகுப்பில் மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் பெயர் சொல்லி மதிக்கிறது. வேறு குடியே இல்லை என்னும் அளவுக்குப் பேசுகிறது. கும்பிடத் தகுந்த கடவுளும் போரில் விழுந்தவனின் நடுகல்தானாம். நம் எழுத்தாளர்கள் இந்தப் பாட்டைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். சரியான காரியம். ஆனால் அதே புறநானூற்றில் 287ஆம் பாட்டு துடி கொட்டுகிறவனைப் புலையன் என்றும் இழிசினன் என்றும் கூப்பிடுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும். சங்க காலம் சமத்துவப் பொற்காலம் என்று திராவிட மேடைகள் சொன்னதை நாம் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. மரியாதையும் இழிவும் ஒரே மண்ணில் மோதிக்கொண்டிருந்த காலம் அது. எந்தப் பக்கம் ஜெயித்தது என்பது நம் ஊர் அமைப்பைப் பார்த்தாலே தெரியும்.

அதியமான் முடிவு என்ன? சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். அந்த வெற்றியைப் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அதியமான் செத்த பிறகு ஔவை பாடிய 232ஆம் பாட்டில் அவனுக்கு ஒரு நடுகல், அதற்கு மயில்பீலி, சிறு கலத்தில் கள். அவனுக்குக் கோபுரம் இல்லை, கர்ப்பகிரகம் இல்லை, பூணூல் இல்லை. இன்றைக்கு எங்க பக்கத்தில் மதுரைவீரனுக்கும் வேடியப்பனுக்கும் என்ன படைக்கிறோமோ, அந்த மாதிரிப் படையல்தான் தகடூர்த் தலைவனுக்கும் கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

கல்

நடுகல் என்று தேடினால் தமிழ்நாட்டில் இந்த மேட்டுநிலமும் அதன் கிழக்கு ஓரமான செங்கம் பக்கமும்தான் முதலில் நிற்கும். தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' நூலை 1972இல் வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் அதில் நிறைய.

அவற்றில் எடுத்தனூர்க் கல்லை மட்டும் சொல்கிறேன். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடிச் செத்தான். அவனோடு ஒரு நாய் இருந்தது, பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. இவ்வளவையும் கல்லில் வெட்டி, நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1400 வருசத்துக்கு முந்தி எருமை மேய்த்த இடத்தில் ஒரு நாய்க்குப் பெயர் இருந்தது, அதை எழுதிவைக்கும் மனசும் இருந்தது. எங்க தாத்தா 40 வருசம் பண்ணையாளாக இருந்தார். எத்தனையோ தலைமுறை மாடுகளைக் காப்பாற்றினார். அந்தப் பண்ணையின் கணக்கு நோட்டில் அவர் பெயர் இல்லை, 'ஆள் ஒன்று' என்று இருந்தது. கோயில் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்தவன் பெயர் இருக்கும், நிலம் உழுதவன் பெயர் இருக்காது. நடுகல் அப்படியில்லை. அது விழுந்தவனுடைய ஆவணம். அதனால்தான் அது நமக்கு முக்கியம்.

இந்தக் கற்கள் பலவற்றை ஜனங்கள் இன்றைக்கும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், கெடா வெட்டுகிறார்கள். சில கற்கள் ஏரிக்கரையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு மாற்றமும் நடக்கிறது. வேடியப்பனுக்கு மேல் சிமெண்டு கோபுரம் எழும்புகிறது, ஐயர் வந்து கும்பாபிஷேகம் பண்ணுகிறார், கல்லுக்குக் கவசம் மாட்டுகிறார்கள், எழுத்து மறைந்துபோகிறது. அதுவரை தொட்டுக் கும்பிட்ட சேரி ஜனங்களைக் கயிறு கட்டி வெளியே நிறுத்துகிறார்கள். ஒரு கல் சாமியாக இருந்தவரை நம்முடையது. அது கோயில் ஆனவுடனே நாம் வெளியாள்.

நடுகல்லுக்கும் முந்தியவை கல்திட்டைகள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரம் மலைமேல் அவை கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, ஒன்றில் வட்டமாக ஓட்டை விட்டு, மேலே பெரிய கல் மூடியிருக்கும். சிலவற்றின் உள்ளே வெள்ளை ஓவியம் உண்டு. ஊரில் கேட்டால் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். எங்க ஆயாவிடம் கேட்டேன். "பஞ்ச பாண்டவரு இங்க எங்கடா வந்தாங்க? கல்லத் தூக்க ஆளு வேணாமா? நம்ம மாதிரி ஆளுங்கதான் தூக்கியிருப்பாங்க" என்றார். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. பாரதக் கதையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடியில் உழைப்பைக் கண்டுபிடிக்க அவருக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

பட்டா

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு இந்தப் பாராமகாலைக் கம்பெனியிடம் விட்டார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ இருந்தார். நிலத்தை அளந்து, தனித்தனி உழவனோடு வரி பேசும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் பிள்ளையார்சுழி. பிறகு அது மாகாணம் பூராவும் பரவியது.

ரயத்து என்று யாரை எழுதினார்கள்? கர்ணமும் மணியக்காரனும் காட்டிய ஆளை. உழுகிற பண்ணையாள் ரயத்து ஆகவில்லை. அளவுக் கயிறு சேரியைத் தாண்டித்தான் போனது. 100 வருசம் கழித்து, 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதன் பிறகு 1892இல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய அந்த நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அவை எத்தனை பேர் கைமாறிப் போயின என்பது தனிக் கதை. 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நடுகல் நடவேண்டிய சாவு அது.

நிலம் இல்லாதவன் என்ன செய்வான்? 1876-78 தாதுவருசப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கொன்று தின்றது. 1880களில் வடக்கே, இதே பீடபூமியின் தொடர்ச்சியில், கோலார் தங்கச் சுரங்கம் திறந்தது. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாச் சேரிகளிலிருந்து ஜனங்கள் சாரிசாரியாகப் போனார்கள். 3000 மீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் வெட்டினார்கள். எங்க தாத்தாவுக்கு அண்ணன் அங்கே போனவர்தான். பாறை வெடித்துச் செத்தவர்கள் எத்தனையோ பேர். நுரையீரலில் கல்தூசி ஏறி ஊர் திரும்பியவர்களும் உண்டு.

ஆனால் போனவர்கள் கூலியோடு நிற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் எழுந்தன. 1907இல் பண்டிதர் தொடங்கிய பத்திரிகையை அவர்கள் காசு கொடுத்துப் படித்தார்கள். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு அவர் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. பூமிக்கடியில் வேலை செய்த ஜனங்கள் தங்கள் பூர்வீகத்தையும் தோண்டி எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே நிற்பது சயனைடு மண் மேடுகள். இந்த மேட்டுநிலத்தின் தொன்மைப் பட்டியலில் அந்த மேடுகளையும் நான் சேர்க்கிறேன்.

இன்று

2012 நவம்பர் 7 அன்று, அதியமான் ஆண்டதாகச் சொல்லிப் பெருமைப்படும் இதே தருமபுரியில், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளைச் சாதிவெறிக் கூட்டம் சூறையாடி எரித்தது. ஒரு தலித் பையனும் சாதி இந்துப் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கொண்டதுதான் காரணம். 200க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு எரியும்போது வெறும் கூரை எரிவதில்லை. தகரப் பெட்டிக்குள் வைத்த பட்டா எரியும், பள்ளிச் சான்றிதழ் எரியும், செத்துப்போன பாட்டியின் ஒரே போட்டோ எரியும். ராஜாக்களுக்குக் கல்வெட்டு, கோயிலுக்குச் செப்பேடு. நம்ம ஜனங்களின் ஆவணக் காப்பகம் அந்தத் தகரப் பெட்டிதான்.

இன்னொரு பக்கம் கல் குவாரி. கிருஷ்ணகிரி, தருமபுரிக் கருங்கல் அறுத்துப் பாலீஷ் போட்டுக் கப்பல் ஏறுகிறது. அதில் ஒரு பங்கு வெளிநாட்டுக் கல்லறைகளுக்குப் போகிறது. குவாரி விரியும்போது கல்வட்டமும் கல்திட்டையும் ஜல்லியாகின்றன. வெடி வைப்பதும் கல் சுமப்பதும் பெரும்பாலும் சேரி ஆளுகள். எங்க ஊரிலேயே சேரிப் பிணம் சுடுகாடு போகப் பாதை கேட்டு 15 வருசம் மனு கொடுத்தோம். முன்னோர் கல்லறையை உடைத்து, அந்நியர் கல்லறைக்குக் கல் அனுப்புகிறோம். நம் பிணத்துக்கு வழி இல்லை. இதற்கு நடுவில் நின்றுகொண்டு தொன்மை பற்றிப் பேசுவது சுலபமாக இல்லை.

அதற்காகத் தொன்மையை அவர்களிடம் விட்டுவிட முடியுமா? முடியாது. அகழாய்வுக் குழியில் மண் எடுப்பதும் சல்லடை பிடிப்பதும் நம்ம பெண்கள்தான். அறிக்கை வரும்போது பின்னட்டையில்கூட அவர்கள் பெயர் வருவதில்லை. அது வரவேண்டும் என்று கேட்கணும். மாணவத் தோழர்கள் லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்க ஊர் வேடியப்பன் கல்லில் எழுத்து இருக்கிறதா பாருங்கள். சுண்ணாம்பு பூசுவதற்கு முன் படம் எடுங்கள். கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, யார் எப்போது படைக்கிறார்கள், யாரை உள்ளே விடுவதில்லை என்று எழுதுங்கள். ஆயாக்களிடம் உலை பற்றி, கோலார் பற்றிக் கேளுங்கள். அவர்கள் ரொம்ப நாள் இருக்கமாட்டார்கள். அப்படியே தாலுகா ஆபீசுக்கும் போய் உங்க ஊர்ப் பஞ்சமி நிலம் எந்த சர்வே நம்பரில் இருந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று மனு போட்டுக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது.

இரண்டும் ஒரே வேலைதான். கல்லில் இருக்கிற பெயரும் காகிதத்தில் இல்லாத பெயரும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கமாக ஏறட்டும். கிடைத்ததை எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். நல்ல தமிழில் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, ஊர்ப் பேரும் சர்வே நம்பரும் சரியாக இருந்தால் போதும்.